ஓர்பியஸின் கையில் பிழையான வாத்தியமா?

புளோரன்ஸ் நகரின் பார்ஜெல்லோ நூதனசாலையில் ஒரு சின்ன வெண்கலச் சிலை இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர்தான். 15ஆம் நூற்றாண்டில் பெர்தோல்தோ டி ஜொவான்னி செய்தது. விலங்குத் தோல் உடுத்த ஓர் இளைஞன், உடம்பை வளைத்து, தன்னை மறந்து வாசிக்கிறான். ஓர்பியஸ் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்பல்லோ, அரியன் என்று சொல்லுற ஆய்வாளர்களும் உண்டு. மூன்று பேருமே கிரேக்கக் கதைகளின் இசைக்காரர்கள்தான்.

விரிவுரையில் இந்தப் படம் வந்தபோது பக்கத்தில் இருந்த நண்பி என் காதுக்குள் கேட்டாள்: “இது பிழையல்லோ? கிரேக்கரிட்ட எங்கயடி வயலின்?”

நியாயமான கேள்வி. கிரேக்க ஓர்பியஸ் மீட்டியது லயர் என்ற யாழ். இவன் வைத்திருப்பதோ வில்லால் வாசிக்கிற, வயலினுக்குச் சொந்தக்கார வாத்தியம். அப்ப, சிற்பிக்கு விசயம் தெரியாதா?

அப்பிடிச் சொல்ல ஏலாது. பெர்தோல்தோ டொனாத்தெல்லோவின் மாணவர். மெடிச்சி குடும்பத்தின் பழஞ்சிற்பங்களுக்கு நடுவில் வேலை செய்தவர். பீசா நகரில் சிதைந்து கிடந்த உரோமக் கல்லறைப் பெட்டி ஒன்றின் போர்க்காட்சியைப் பார்த்து, அழிந்துபோன பகுதிகளைத் தானே நிரப்பி, வெண்கலத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்தவர். பழசை இவரளவுக்குக் கிட்ட நின்று பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

என்னுடைய எண்ணம் இதுதான்: அவர் தெரிஞ்சுகொண்டுதான் மாத்தினார். வில் வாத்தியத்தை வாசித்தபடி கவிதை பாடுவது அன்றைய இத்தாலியில் வழக்கம். புளோரன்ஸ்காரர் காதால் கேட்ட இசையை ஓர்பியஸின் கையில் குடுத்தார். லயரைக் குடுத்திருந்தால் சரித்திரம் சரியாக இருந்திருக்கும். ஆனால் பார்க்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டிராது.

“அப்ப ஆரும் எதையும் மாத்தலாமோ?” என்று கேட்பீர்கள். இல்லை. படிச்சிட்டு மாத்துறது வேற, படிக்காமல் மாத்துறது வேற. ஆனால் பழசில் கை வைக்கிற ஆக்களைக் கண்டவுடனே “மரபு தெரியாததுகள்” என்று முத்திரை குத்த எங்களுக்கு ஒரு நிமிசம் போதும். அவர்கள் எவ்வளவு படித்தார்கள் என்று விசாரிக்கத்தான் நேரமில்லை.

“மறுமலர்ச்சி என்பது கிரேக்க, உரோமக் கலைக்குத் திரும்புதல்” என்று எழுதினால் பரீட்சையில் மார்க்ஸ் வரும். நானும் எழுதியிருக்கிறன். அடுத்த முறை இந்தச் சிலையையும் சேர்த்து எழுதப்போறன். மார்க்ஸ் குறைஞ்சால் குறையட்டும்.