பைஜுவின் பாட்டு எங்கே?

விஜய் பட் இயக்கி 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘பைஜு பாவ்ரா’ இந்தித் திரையின் புகழ்பெற்ற இசைப்படங்களுள் ஒன்று. தான்சேனின் காவலர்களால் தந்தையை இழந்த சிறுவன், பழிதீர்க்கவே பாடகனாகிறான். அக்பர் அவையில் பாட்டால் பளிங்கை உருக்கித் தான்சேனை வெல்கிறான். இறுதியில் யமுனை வெள்ளத்தில் காதலியோடு மாள்கிறான்.

இது வரலாறன்று. பைஜுவைக் குவாலியர் மன்னர் மான்சிங் தோமரின் அவையோடு இணைப்பதே இசை மரபு. மான்சிங் மறைந்தது 1516இல். தான்சேன் அக்பரிடம் வந்து சேர்ந்ததோ 1562இல். ஆயினும் இதை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. மோட்சார்ட்டின் சாவுக்குச் சலியேரியின் பொறாமையைக் காரணமாக்கிய ‘அமேடியஸ்’ (1984) படமும் புனைவே. ஆனால் அதில் ஒலிப்பது மோட்சார்ட்டின் இசை. நாகையா நடித்த ‘தியாகய்யா’விலும் (1946) தியாகராசரின் கீர்த்தனைகளைக் கேட்கிறோம்.

‘பைஜு பாவ்ரா’வில் பைஜுவின் இசை எங்கே? அவர் துருபத் இயற்றியவர். அவர் முத்திரை தாங்கிய பாடல்கள் துருபத் மரபில் இன்றும் உள்ளன. படத்தில் ஒலிப்பவை நௌஷாத்தின் மெட்டுகள். போட்டிக் காட்சிக்குக் குரல் தந்த அமீர் கானும் பலூஸ்கரும் கயால் மேதைகள். அந்தக் கயால், 18ஆம் நூற்றாண்டில் தில்லியின் முகம்மது ஷா அவையில், சதாரங் போன்றோரால் செழித்த வடிவம். மேதைகளின் குரலைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது நௌஷாத்தின் பெருங்கொடை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பைஜுவின் வாழ்க்கையைப் புனைந்த படம், அவருடைய கலையையும் மாற்றி வைத்துவிட்டது.

எஞ்சியது ‘பாவ்ரா’ என்னும் அடைமொழி மட்டுமே. வாதம் மிகுந்தவன் எனப் பொருள்படும் ‘வாதுல’ என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. தமிழ் பித்தத்திலிருந்து ‘பித்தன்’ என்னும் சொல்லை ஆக்கி, அதையே சிவனுக்கும் பெயராக்கியது. பித்து என்பது நோயாகலாம், காதலாகலாம், கலையில் தோய்தலுமாகலாம். படமோ பழியையும் காதல் துயரையுமே அதில் கண்டது.

சஞ்சய் லீலா பன்சாலி இதே பெயரில் படமெடுக்கப்போவதாக 2019இல் அறிவித்தார். அவருடைய திரைக்கு ஆடம்பரம் இயல்பு, அதில் தவறில்லை. பளிங்கு மீண்டும் உருகட்டும், யமுனை மீண்டும் பெருகட்டும். ஆனால் படம் முடிந்து வெளியே வருபவர் ஒரு துருபத்தையேனும் முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும். இல்லையேல் பித்தனின் கதை இருக்கும், பாடலாசிரியன் இருக்கமாட்டான்.