பாதையை யார் தீர்மானிக்கிறது?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கோட் எடிட்டரோட என்ன வேலை எண்டு சிலர் கேட்பினம். வேலை இருக்கு. பழைய சஞ்சிகைகளுக்கு ஓர் அட்டவணை, நாடக விழாவுக்கு ஓர் இணையத்தளம் என்று எங்கட மாதிரிச் சின்னக் குழுக்கள் இப்ப தாங்களே கோட் எழுதுகின்றன. ஒவ்வொரு வருஷமும் ஒரு பேட்ச் வெளியேற, அடுத்த பேட்ச் அதே கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு விளங்கப் பார்க்கும். அதனால்தான் ஒரு சின்னக் கேள்வி எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது: ஒரு கோப்பு இன்னொரு கோப்பை இம்போர்ட் செய்யும்போது, பாதையை எப்படி எழுதுவது?

இரண்டு வழி இருக்கு. ஒன்று, நிற்கிற இடத்திலிருந்து வழி சொல்வது: '../../../பொது/திகதி'. ஒவ்வொரு இரட்டைப் புள்ளிக்கும் 'ஒரு கோப்புறை மேலே போ' என்று அர்த்தம். மற்றது முழு விலாசம்: '@/பொது/திகதி'. அந்த '@' புரொஜெக்ட்டின் வேர்க் கோப்புறைக்கு நாங்கள் வைக்கிற பட்டப்பெயர். ஊருக்குள்ள நிண்டு கேக்கிற ஆளுக்கு 'சந்தியால திரும்பி மூண்டாவது வீடு' போதும். வெளியூரில இருந்து கடிதம் போடுற ஆளுக்கு விலாசம் வேணும். இரண்டும் தேவைதான்.

ஆனா இப்ப அந்தப் பாதையைக் கையால எழுதுறவை குறைவு. பெயரைத் தட்டத் தொடங்க, எடிட்டரே இம்போர்ட் வரியைச் சேர்த்துவிடும். விஎஸ் கோட்டில் டைப்ஸ்கிரிப்டுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இதற்கென்று ஒரு செட்டிங் உண்டு. அதில் 4 தெரிவுகள். ஒன்றையும் தொடாமல் விட்டால் இருப்பது 'ஷார்ட்டஸ்ட்'. விலாசத்தில் படிகள் குறைவாக இருந்தால் விலாசம், புள்ளிப் பாதையில் குறைவாக இருந்தால் புள்ளிப் பாதை.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. எண்ணிப் பாருங்கள். மூன்று கோப்புறை ஆழத்தில் இருக்கிற கோப்பிலிருந்து புள்ளிப் பாதைக்கு 5 படி, விலாசத்துக்கு 3 படி. எடிட்டர் விலாசத்தை எழுதும். அதே 'பொது' கோப்புறைக்குள் இருக்கிற கோப்பிலிருந்து './திகதி' என்றால் படிகள் குறைவு, விலாசத்துக்கு அதே 3 படி. இப்ப புள்ளிப் பாதை வரும். ஒரே கோப்புக்கு ஒரே புரொஜெக்ட்டுக்குள் இரண்டு முகவரி! 'இதை எங்கெங்க பாவிச்சிருக்கு' எண்டு '@/பொது/திகதி'யைத் தேடுகிற புதுப் பிள்ளைக்குப் பாதிதான் அகப்படும். மிச்சப் பாதி இருப்பதே தெரியாது.

எங்கட கருத்து இதுதான்: படிகளை எண்ணுவது எடிட்டரின் வேலையாக இருக்கலாம், பாதையைத் தீர்மானிப்பது குழுவின் வேலை. பைதன்காரர் இதைப் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களுடைய எழுத்து நடை வழிகாட்டியான 'பெப் 8' முழுப் பாதையையே பரிந்துரைக்கிறது, புள்ளிப் பாதையையும் தடுக்கவில்லை. அப்படி ஒரு பொது முடிவு இல்லாத இடத்தில், தொடாமல் விட்ட செட்டிங்தான் முடிவாகிப் போகிறது.

மறுபக்கமும் உண்டு. விலாசம் சும்மா வராது. டைப்ஸ்கிரிப்ட் கொன்ஃபிக் கோப்பில் பட்டப்பெயரை எழுதினால் எடிட்டருக்கு விளங்கும். ஆனால் டைப்ஸ்கிரிப்ட் கோட்டை மாற்றித் தரும்போது அந்தப் பெயரை உண்மையான பாதையாக மாற்றித் தராது. வீட் போன்ற கருவிக்கும் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாட்டி எடிட்டரில ஒரு சிவப்புக் கோடும் இருக்காது, ஓட்டேக்க விழும். புள்ளிப் பாதைக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு கோப்புறையை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் உள்ளுக்குள்ள இருக்கிற இணைப்புகள் குலையாது. ஆகவே 'எப்பவும் விலாசம்தான்' எண்டு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒரே கோப்புறைக்குள் புள்ளி, வெளியில் போனால் விலாசம் என்பது எங்களுக்குப் பிடித்த வழக்கம். அந்த 4 தெரிவுகளில் ஒன்றும் இதை அப்படியே செய்வதில்லை. அதனால் 'நொன்-ரிலேட்டிவ்' என்று வைத்து, பக்கத்துக் கோப்புக்கும் விலாசம் எழுதப்படுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கட குழு 'ரிலேட்டிவ்' எண்டு முடிவெடுத்தாலும் சரி. முடிவெடுங்கோ, அவ்வளவுதான்.

எடுத்த முடிவை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒருவரின் மடிக்கணினியில் மாற்றினால் அது அவரோடயே கம்பஸை விட்டுப் போய்விடும். புரொஜெக்ட்டுக்குள் விஎஸ் கோட்டுக்கென்று இருக்கிற செட்டிங்ஸ் கோப்பில் எழுதி, கிட்டில் சேர்த்துவிட்டால், நாளைக்கு வாற தம்பி தங்கச்சியின்ர எடிட்டரும் அதே மாதிரித்தான் எழுதும். வேறு எடிட்டர் பாவிக்கிறவர்களுக்கு ஈஎஸ்லிண்டில் ஒரு விதி போடலாம், '../' எண்டு தொடங்கினாலே அது எச்சரிக்கும்.

புதுசா ஒரு புரொஜெக்ட் தொடங்கேக்க பெயருக்கும் லோகோவுக்கும் ஒரு பின்னேரம் முழுக்க விவாதிக்கிறோம்தானே. அதில 10 நிமிஷத்தை இதுக்கும் ஒதுக்குவோம். நாங்கள் போனபிறகும் அந்தக் கோப்புகளோட இருக்கப்போறது வேற ஆக்கள்.