அப்பாவுக்கு ஜிபே பண்ணிட்டீங்க. விஷயத்தைச் சொன்னீங்களா?

1-ஆம் தேதி சம்பளம் வருது. 2-ஆம் தேதி ஊர்ல இருக்கிற அப்பா அக்கவுண்டுக்குப் பத்தாயிரம் போகுது. ஸ்கிரீன்ஷாட் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல விழுது. அம்மா ஒரு கும்பிடு எமோஜி போடுறாங்க. அந்த மாசத்துக்கு வீட்ல நடக்கிற பணப் பேச்சு அவ்வளவுதான்.

"செல்போன் வந்து குடும்பமே கெட்டுப்போச்சு" என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை தினமும் வீடியோ காலில் முகம் காட்டுவது நல்லதுதானே? என்னோடது ஒரு ஆடிட்டர் கவலை. எல்லாத்தையும் பேசுறோம், பணத்தைத் தவிர.

முன்னாடி பணம் அனுப்பினா சேதியும் கூடவே போகும். மணியார்டர் ஃபார்ம்லயே நாலு வரி எழுத இடம் இருந்தது. எல்ஐசி பாண்டு, பாஸ்புக், சீட்டுக் கார்டு எல்லாம் பீரோவுல ஒரு மஞ்சப் பையில கிடக்கும். யாரும் உட்கார்ந்து விளக்கலைன்னாலும், அந்தப் பை எங்க இருக்குன்னு வீட்டுக்கே தெரியும்.

இப்ப உங்க பீரோ உங்க போன். சாவி உங்க கைரேகை. டீமேட் ஷேருக்குப் பேப்பர் இல்லை, டேர்ம் பாலிசி மெயில்ல பிடிஎஃப்-ஆ கிடக்கு, எஸ்ஐபி தானா போகுது.

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற பசங்ககிட்ட, "டேர்ம் இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனின்னு வீட்ல யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். ஒரு கோடிக்கு பாலிசி எடுத்திருப்பாங்க. அந்த ஒரு கோடி யாருக்குப் போய்ச் சேரணுமோ, அவங்களுக்கே தெரியாது! பிஎஃப்-ல இடிஎல்ஐ-ன்னு ஒண்ணு இருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்துட்டா, குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். உங்க சம்பளத்துல அதுக்கு ஒரு ரூபா பிடிக்கிறதில்ல, முதலாளிதான் கட்டுறார். இது உங்களுக்கே இப்பதான் தெரியுதுன்னா, அம்மா எப்படிப் போய்க் கேட்பாங்க?

10 வருஷம் யாரும் தொடாத பேங்க் டெபாசிட், ரிசர்வ் வங்கியோட தனி நிதிக்குப் போயிடும். வாரிசுகள் பிறகும் கேட்டு வாங்கலாம். அதைத் தேடவே 2023-ல் 'உத்கம்'னு ஒரு போர்ட்டல் திறந்தாங்க. தேடுற நிலைமை ஏன் வருது, சொல்லுங்க.

"போன் பின்னை வைஃப்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்பார்கள். அது வழி இல்லை. இறந்தவரோட யுபிஐ-ல பணத்தை மாத்தினா பின்னாடி வாரிசுகளுக்குள்ள வம்பு வரும். நாமினியா முறைப்படி க்ளெய்ம் பண்ணணும். அதுக்கு முதல்ல அக்கவுண்ட் இருக்கிறது தெரியணும்.

"சொன்னா அக்கா கல்யாணத்துக்குக் கேட்பாங்களே" என்ற பயமும் எனக்குப் புரியுது. எவ்வளவு இருக்குன்னு சொல்ல வேண்டாம். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிட்டுப் போங்க. பேங்க், டீமேட், பாலிசி நம்பர், யுஏஎன், ஆபீஸ் ஹெச்ஆர் நம்பர், கட்டவேண்டிய லோன் எல்லாம் உங்க கையாலேயே எழுதுங்க. பாஸ்வேர்டு, பின் எழுதாதீங்க. எழுதி முடிச்சதும் அப்பாகிட்ட, "உங்களோடதையும் சொல்லுங்கப்பா"ன்னு கேளுங்க. கூட்டுறவு பேங்க்ல அடகு வெச்ச நகையை எப்ப மீட்கணும்னு அப்பதான் உங்களுக்கே தெரியவரும்.