நாற்பது படிகளுக்கு முன்னால்

கிழக்கு கடற்கரைச் சாலையில் யாராவது அடிபட்டு இறந்துபோனால், அடுத்த நாளே எழுகிற கோரிக்கை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: இந்த இடத்தில் நடைமேம்பாலம் கட்டுங்கள். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று அந்தச் சாலையோர ஊர்களில் பல வருடங்களாக இந்தக் குரலைக் கேட்கிறேன். அதிலிருக்கும் வேதனை நியாயமானது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அதனால்தான் சொல்கிறேன், பாலத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் அங்கே யார் கடக்கிறார்கள், எந்த நேரத்தில் கடக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நின்று பார்க்க வேண்டும். பார்க்காமல் கட்டினால் பாலம் மேலே இருக்கும். ஜனங்கள் அதற்கு அடியிலேயே ஓடிக் கடப்பார்கள்.

இந்தச் சாலைக்குக் கிழக்கே மீனவக் குப்பங்களும் கடலும். மேற்கே கடைகள், பள்ளிகள், பழைய மகாபலிபுரம் சாலை வரை நீளும் குடியிருப்புகள். வண்டிகள் இடப்பக்கம் போவதால், நகரத்துக்குப் போகிற பஸ் மேற்கில் நிற்கும். மாமல்லபுரம் பக்கம் போகிற பஸ் கிழக்கில் நிற்கும். ஆகவே குப்பத்துக்காரர் காலையில் வேலைக்குப் போகச் சாலையைக் கடந்தாக வேண்டும். திரும்பும்போது வீட்டுப் பக்கமே இறங்கிவிடுவார். மேற்கே குடியிருப்பவருக்கு இது தலைகீழ். காலையில் வாசல் பக்கமே பஸ் ஏறிவிடுவார். இரவு எதிர்ப்பக்கம் இறங்கி, களைத்துப்போன காலோடு, இருட்டில் கடப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடக்கும். ஏதோ ஒரு வேலைநாள் காலையில் இரண்டு மணி நேரம் ஆள் நிறுத்தி எண்ணிவிட்டுத் திட்டம் போட்டால், இரவில் கடப்பவரும் ஞாயிறன்று கடப்பவரும் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இனி உயரத்தைப் பார்ப்போம். லாரிகள் தடையில்லாமல் போக, சாலை மட்டத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் நாம் ஏற வேண்டியது சுமார் ஆறு மீட்டர். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி. ஏறி, நடந்து, மறுபடி 40 படி இறங்க வேண்டும்.

நீலாங்கரைப் பக்கம் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சாலையின் நடுத்திட்டில் செடிகள் மிதிபட்டு, மண் இறுகி, ஓரக்கல் உடைந்து ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வழி விழுந்திருந்தது. அங்கேதான் அவர் கடப்பது வழக்கம். “ஏறிக்கூடப் போயிடலாம் கண்ணு. கூட தலைல இருக்கறப்போ எறங்கறதுதான் கஷ்டம். குனிஞ்சு படியப் பாக்க முடியாது. ஐஸ் தண்ணி வேற சொட்டும், வழுக்கும்” என்றார். தலையில் அன்னக்கூடையோடு படி இறங்குபவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. அந்த உடைந்த ஓரக்கல் இருக்கிறதே, கடக்க வேண்டிய இடம் எது என்று ஜனங்கள் காலால் எழுதிவைத்த மனு அது. அதைப் படித்துவிட்டுத்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

படிக்குப் பதில் சாய்தளம் வைக்கலாமே என்பார்கள். சக்கர நாற்காலி போகும் சாய்தளம் ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீள வேண்டும். ஆறு மீட்டருக்கு 72 மீட்டர். நடுவில் இளைப்பாறும் சமதளங்களைச் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கே 80 மீட்டரைத் தாண்டும். நடுத்திட்டையும் சேர்த்து 23 மீட்டர் சாலையைக் கடக்க 160 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கச் சொல்கிறோம். எனவே லிஃப்ட் கட்டாயம். கடற்கரையில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும், லிஃப்டின் மின்இணைப்புகளையும் அரிக்கும். கட்டும் செலவோடு, ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவையும் முதல் நாளே ஒதுக்காவிட்டால், பழுதான லிஃப்டின் வாசலில் பூட்டுத்தான் தொங்கும். செலவை ஈடுகட்டப் பாலத்தில் விளம்பரப் பலகை மாட்டும் பழக்கமும் உண்டு. பலகை மறைத்துவிட்டால் உள்ளே நடப்பது யார், நிற்பது யார் என்று சாலையிலிருந்து தெரியாது; இரவில் ஒரு பெண் அதில் ஏறத் தயங்குவாள். காற்றும் அந்தப் பலகையில்தான் மோதும். சென்னையில் கட்டுமானங்களை விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்று வேகத்தை அடிப்படையாக வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்துபோன ஊர் இது.

பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலிலிருந்து இறங்கியவர் எப்படியும் நிலையத்தின் மேம்பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிய உயரத்திலேயே நெரிசலுக்கு மேலாக நடந்து பஸ் நிலையம் போய்விடுகிறார். ஏறியதற்குப் பலன் கிடைக்கிறது. கடற்கரைச் சாலையில் இருபுறமும் தரையில் இருப்பவரை, சாலையைக் கடப்பதற்காக மட்டும் மேலே ஏற்றுகிறோம்.

தரையிலேயே கடப்பது முடியாத காரியமா? ஆறு வழிச்சாலையில் வண்டி ஓடும் அகலம் 21 மீட்டர். சாதாரண நடையில் அதைக் கடக்க 18 விநாடி ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே 18 விநாடியில் 300 மீட்டர் வந்துவிடும். இரு திசையிலும் அவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். நடுத்திட்டில் நிம்மதியாக நின்று, இரண்டு தவணையாகக் கடக்க இடம் செய்துகொடுத்தால் தேவைப்படும் இடைவெளி பாதியாகிறது. நடப்பவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விழும் சிக்னல் வைத்து, அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் மேட்டையும் போட்டால், வயதானவரும் கடந்துவிடலாம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வேகத்தைக் குறைப்பது கடப்பவரை மட்டுமல்ல, கார் ஓட்டுபவரையும் காப்பாற்றும்.

இப்போது திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை வரப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. நடுவில் தூண்கள் எழும்பி, மேலே ஒரு சாலை வந்தால், குறுக்கே நடைமேம்பாலத்துக்கு இடம் தேடுவது இன்னும் சிக்கல். அதே சமயம், தொலைதூர வண்டிகள் மேலே போய்விட்டால் கீழே உள்ளது உள்ளூர்ச் சாலையாக மாறலாம். அந்தச் சாலையைக் கடப்பது எப்படி என்பதை உயர்மட்டச் சாலையின் வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். தூண் நட்டபின் யோசித்தால் நடப்பவருக்கு மிச்சம்மீதி இடம்தான் கிடைக்கும்.

சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், தெருவிளக்கு மாநகராட்சியிடம், சிக்னல் போக்குவரத்துக் காவல் துறையிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. இவர்கள் நால்வரையும் ஒரே நாளில், அந்த உடைந்த ஓரக்கல் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டியது நம் மக்கள் பிரதிநிதிகளின் வேலை. 2014-லேயே நடப்பவருக்கு முன்னுரிமை என்று கொள்கை வகுத்த மாநகராட்சி நம்முடையது. அந்த உரிமையோடு கேட்கலாம்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது, பாலம் வேண்டும் என்று மட்டும் மனு எழுதாதீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும் பாட்டியும், கூடையோடு வரும் அம்மாவும், சக்கர நாற்காலியில் வருபவரும் பயமில்லாமல் கடக்கும் வழி வேண்டும் என்று எழுதுங்கள். அது சிக்னலா, பாலமா, சுரங்கப்பாதையா என்பதை அந்த மூன்று பேருக்கும் பதில் சொன்ன பிறகு பொறியாளர்கள் முடிவு செய்யட்டும்.