கண்ணீர் விடும் காளான்

காளான் என்றதும் மழைக்கு மறுநாள் குடை பிடித்து நிற்கும் வெள்ளைக் காளான்தான் நமக்கு ஞாபகம் வரும். குடையும் காம்பும் இல்லாமல், கல்லில் வார்த்த தோசை மாதிரி மரத்தோடு மரமாக ஒட்டிக் கிடக்கிற காளான்களும் உண்டு. அவற்றில் ஒரு பேரினத்துக்குச் 'செர்புலா' என்று பெயர். அதைச் சேர்ந்த ஒன்று ஐரோப்பாவில் எத்தனையோ குடித்தனங்களைக் கலங்க அடித்திருக்கிறது.

எடின்பரோவில் ஒரு வீட்டு அம்மாள் காலையில் மேஜையைத் துடைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியெல்லாம் செங்கல் பொடி போல் சிவந்த தூள்! துடைத்தால் மறுநாளும் அதே தூள். தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், நடுவில் துரு நிறமும் ஓரத்தில் பால் வெளுப்புமாக ஒரு பெரிய அடை. மேலெல்லாம் சுருக்கம் சுருக்கமாக மடிப்புகள். தூள் என்றது அதன் வித்துக்கள்தான். அடையின் மேல் முத்து முத்தாக நீர்த்துளிகள் நிற்கும். அதைப் பார்த்துத்தான் 1781-ல் ஆஸ்திரியப் பாதிரியார் வுல்ஃபென், 'கண்ணீர் விடுவது' என்று பொருள்படும் 'லாக்ரிமான்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். அழ வேண்டியவர் வீட்டுக்காரர், அழுவதோ காளான்!

ஒழுகும் குழாயோ ஓதமோ இருந்தால் போதும், இது தொற்றிக்கொள்ளும். பிறகு கயிறு போன்ற நரம்புகளை விட்டுச் செங்கல் சுவரையும் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். இது தின்ற மரம் குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, கையால் நசுக்கினால் பொடியாகிவிடும். நம் கறையானாவது மண்ணைப் பூசித் தன் வரவைச் சொல்லிவிடுகிறது!

இதன் குலம் கோத்திரம் பற்றி நடந்த குழப்பம் வேடிக்கையானது. வுல்ஃபென் இதைக் குடைக் காளான்களான 'பொலீட்டஸ்' கூட்டத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் மேல் சுருக்கத்தைக் கண்டு, அதே முகஜாடையுள்ள 'மெரூலியஸ்' இனத்துக்கு மாற்றினார்கள். இன்றைய மரபணு ஆராய்ச்சியோ, செர்புலாவுக்குப் பொலீட்டஸ் வகையறாவே நெருங்கிய பங்காளி என்கிறது. முகஜாடை ஏமாற்றிவிட்டது.

பூர்வீகம் எது தெரியுமா? நம் இமாலயம்! ஊசியிலை மரக் காட்டில் இது இயற்கையாக இருப்பதை 1954-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துப் பாக்சீ எழுதி வைத்தார். உலகெங்கும் வீடுகளில் புகுந்த இந்தக் காளானின் தாயகம் ஆசியாதான் என்று 2007-ல் மரபணு ஆராய்ச்சியும் சொன்னது. காட்டில் இது அபூர்வம். வீட்டில்தான் ராஜ வாழ்வு.

குளிர்தேசத்துப் பிராணி அல்லவா, 20 டிகிரிச் சூடுதான் இதற்குச் சுகம். 40-ஐத் தாண்டினால் தாங்காது. அந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்ட டென்மார்க்கில், மருந்து அடிப்பதற்குப் பதில் கட்டடத்தையே மூடிப் போர்த்தி, சுவரின் உள் வரை ஏறும்படி வெந்நீர்ச் சூட்டில் வாட்டிக் காளானைக் கொல்லுகிறார்கள்.