மூன்று நிமிடத்துக்கு 75 மார்க்!

இலத்தூரில் பிளஸ் டூ காமர்ஸ் முடித்த ஒரு மாணவியை நினைத்துக் கொள்ளுங்கள். மார்க் நன்றாகவே இருக்கிறது. வெளியூரில் ஒரு பெரிய கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள், பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி: "நேர்காணல் உண்டு. கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் உங்களிடம் பேசுவார்." அவ்வளவுதான், தூக்கம் போயிற்று! கணக்குப்பதிவியல் பரீட்சைக்கு முந்தின நாள் கூட நிம்மதியாகத் தூங்கிய பிள்ளை அவள். அம்மா சொல்கிறார்: "ஏட்டி, பயப்படாமப் பேசு. அவங்களும் மனுசங்கதானே." பிரச்சினையே அதுதான். விடைத்தாள் திருத்துகிறவருக்கு அவள் முகம் தெரியாது. இந்த மனுசருக்குத் தெரியும்.

இந்தப் பயத்தைப் பார்த்ததும் எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. "தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்!" அதாவது கோளாறு முழுக்கப் பிள்ளையிடம்தான் என்று அர்த்தம். அது உண்மைதானா?

பரீட்சை என்றால் பாடத்திட்டம் இருக்கிறது, பழைய கேள்வித்தாள் இருக்கிறது, மறுகூட்டல் கூட இருக்கிறது. நேர்காணலில் இதில் எது இருக்கிறது? என்ன கேட்பார்கள், எதற்கு எத்தனை மார்க் என்று யாரும் சொல்வதில்லை. அப்பா அந்தக் கல்லூரியில் படித்திருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே பயிற்சி கிடைத்துவிடும். அப்பா வயலுக்குப் போகிறவர் என்றால்? விதி தெரியாத ஆட்டத்தில் இறங்குகிறவன் பயப்படுவது கோழைத்தனம் அல்ல, அவனுக்குப் புத்தி இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இது வெறும் புலம்பல் இல்லை. நம் மாநிலத்திலேயே இது நீதிமன்றம் வரை போன கதை. 1970-71இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பாட மதிப்பெண் 200, நேர்காணலுக்கு 75 என்று மொத்தம் 275. பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வெளிவந்த விஷயம்தான் அதிர்ச்சி. ஒரு மாணவருக்கு நடந்த நேர்காணல் சராசரியாக மூன்று நிமிடம்! 275இல் 75 என்பது மிக அதிகம் என்றும், மூன்று நிமிடத்தில் ஒருவரின் திறமையை எடைபோட முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. விளையாட்டு, உடல் தகுதி, பொதுத்திறன் என்று தலைப்புகள் இருந்தும், தலைப்பு வாரியாக மார்க்கைப் பிரித்துப் போடாததையும் குறை சொன்னது.

அதற்கடுத்து 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கின் தீர்ப்பு. இது ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி சம்பந்தப்பட்டது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இங்கும் இரண்டு மூன்று நிமிடம்தான். கேட்ட கேள்விகளும் அப்பா யார், வீடு எங்கே என்கிற ரகம் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முடிந்தால் அதை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றது உச்ச நீதிமன்றம். டேப் ரிக்கார்டர் காலத்திலேயே சொன்ன யோசனை இது! இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ரிக்கார்டர் இருக்கிறது. எத்தனை கல்லூரிகள் பதிவு செய்கின்றன?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பழைய மாணவர்கள் ஊதியம் வாங்காமல் நேர்காணல் நடத்துவது நெடுநாள் வழக்கம். ஆனால் இந்த "குணநலன்" பார்க்கும் முறைக்கு ஒரு அழுக்கான வரலாறு உண்டு. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற இடங்களில் மார்க்கை மட்டும் பார்த்தால் யூத மாணவர்கள் நிறையச் சேர்ந்துவிடுகிறார்கள் என்ற எண்ணம் வந்தது. உடனே ஆளுமை, புகைப்படம், நேர்காணல் எல்லாம் முக்கியமாகிவிட்டன.

இனி நேர்காணலை ஒழித்துவிடுவதுதான் வழி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்! அதே ஹார்வர்டு மீது ஆசிய அமெரிக்க மாணவர்களுக்காகத் தொடுத்த வழக்கில், 2018இல் வாதி தரப்பு நிபுணர் ஒரு கணக்கை முன்வைத்தார். நேரில் பேசிப் பார்த்த பழைய மாணவர்கள், ஆசிய மாணவர்களின் ஆளுமைக்கு வெள்ளை மாணவர்களுக்குச் சமமாகவே மதிப்பெண் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் நேரில் பார்க்காமலே மதிப்பிட்ட சேர்க்கை அலுவலகம்தான் குறைத்துப் போட்டிருந்தது. ஹார்வர்டு வேண்டுமென்றே பாகுபாடு காட்டவில்லை என்று 2019இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையையே செல்லாது என்றது. தீர்ப்புகள் ஒருபுறம் இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து பேசுவது எப்போதும் அநியாயத்தில் முடிவதில்லை என்பதற்கு அந்தக் கணக்கு ஒரு சாட்சி.

மார்க் சொல்லாத எத்தனையோ விஷயங்களை ஒரு நல்ல பேச்சு வெளியே கொண்டுவரும். பெட்டிக்கடையில் கடன் நோட்டு எழுதிப் பழகிய பிள்ளைக்கு வாராக்கடன் என்றால் என்னவென்று புத்தகத்தை விடத் தெளிவாகத் தெரியும். யாராவது கேட்டால்தானே அது வெளியே வரும்?

ஆகவே கேட்க வேண்டியது நாலே விஷயம். நேர்காணலுக்கு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது 15ஐத் தாண்டக் கூடாது. எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட வேண்டும். தமிழில் பேச அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தைச் சோதிக்கத் தனியாகத் தேர்வு இருக்கிறது. பேச்சைப் பதிவு செய்து, மாணவர் கேட்டால் காட்ட வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

அதுவரை அந்த இலத்தூர் மாணவி என்ன செய்வது? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம், தன்னைப் பற்றிப் பேசினால் பெருமையடிக்கிறாள் என்பார்களே என்ற கூச்சம். ஆனால் நன்னூல் பாயிரமே இதற்கு விதிவிலக்கு தந்திருக்கிறது! தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே தன்னைப் புகழ்ந்துகொள்வது குற்றமல்ல என்கிறார் பவணந்தி முனிவர். எதிரே இருக்கும் அந்தப் பழைய மாணவருக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அப்புறம் என்ன கூச்சம்?

அவள் தைரியமாகப் பேசட்டும். கல்லூரியும் விதியை வெளியே சொல்லட்டும். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது நியாயமில்லை.