மண்வாரிக்கு மின்சாரம், நமக்கு இருட்டா?

மின்சார மண்வாரிகள் சந்தைக்கு வந்துவிட்டன. வரட்டும், வரவேற்கிறோம்! டீசல் புகையை முதலில் விழுங்குபவன், இயந்திரத்தின் பக்கத்தில் சட்டி சுமக்கும் நம் தொழிலாளிதான்.

ஆனால் தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாம் ஒன்று கேட்கிறோம்: மின்சாரம் எங்கிருந்து?

கணக்கைப் பாருங்கள். 20 டன் மண்வாரி ஒன்றின் பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல் கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் 200 யூனிட் ஏற்ற 100 கிலோவாட் வேண்டும். வீட்டுக்கு 2 கிலோவாட் இணைப்பென்றால், 50 வீடுகளின் பங்கை ஒரே இயந்திரம் இழுக்கிறது! தெரு டிரான்ஸ்பார்மர் என்ன அட்சய பாத்திரமா? டெல்லியின் மின்தேவை 2024 ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெக்கையில் ஃபேன் நின்றால் கைக்குழந்தையின் கதி என்னவென்று, ஜன்னலில்லாத அறையில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள்.

டீசல் ஜெனரேட்டரை வைத்து மின்சார மண்வாரிக்குச் சார்ஜ் ஏற்றும் காண்ட்ராக்டர்களும் உலகில் உண்டு. புகை ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொள்கிறது. இதற்குப் பெயர் பசுமையாம்!

வழி இல்லாமலில்லை. வேலைத்தளத்திலேயே பெரிய பேட்டரிப் பெட்டியை வைத்து, தேவை குறைந்த நேரத்தில் 20 கிலோவாட் வீதம் பத்து மணி நேரம் நிதானமாக ஏற்றினாலும் அதே 200 யூனிட்தான். வேண்டும்போது அதிலிருந்து மண்வாரிக்கு வேகமாகக் கொடுக்கலாம். இல்லையேல் தனி டிரான்ஸ்பார்மர். இரண்டுக்கும் பணம் வேண்டும். அதனால்தான் முதலாளிகள் தெருக் கம்பியைப் பார்க்கிறார்கள்.

செலவைக் கட்டட முதலாளியே ஏற்கட்டும். தற்காலிக இணைப்பு கேட்கும் மனுவிலேயே எத்தனை இயந்திரம், எந்நேரம் சார்ஜ் என்று எழுதி வாங்குக! டிரான்ஸ்பார்மரில் இடமில்லையென்றால் இணைப்பை மறுத்திடுக!